முன்னேஸ்வரத்தில் நான் கோயிலான கதை

ஒரு விஷயம் தெரிந்தவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. தெரிந்ததை இன்னொருவர் காதில் ஊற்றியே தீருவேன் என்று அலைபவனால்தான் கெடுதல். நான் இரண்டாவது இனம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "இது எந்த இடம், தம்பி?" என்று கேட்டுவிட்டால் போதும். அந்த ஊர்ப் பெயர் எங்கிருந்து வந்தது, ஒல்லாந்தர் அதை எப்படி எழுதினார்கள், அவர்கள் எழுதியது ஏன் பிழை என்று தொடங்கிவிடுவேன். ஒருமுறை மதுரங்குளிக்குப் போகவேண்டிய மனிதர் பாலாவியிலேயே இறங்கி, கொளுத்தும் வெயிலில் நடக்கத் தொடங்கியதை ஜன்னலால் பார்த்தேன். (அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நடைப்பயிற்சியில் விருப்பமுள்ளவர் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.)

இந்த வியாதி உச்சத்தில் இருந்தபோது எனக்கு முப்பது வயது. புத்தளத்தில் ஓர் உப்பளத்தில் எழுதுவினைஞர் வேலை. லொறி வந்தால் துண்டு எழுதவேண்டும். வராவிட்டால் புத்தகம் வாசிக்கலாம். மழை பெய்தால் லொறி வராது. நான் அறிஞனானது முழுக்க மழைக்காலங்களில்தான்.

யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து புத்தளத்தில் ஒதுங்கிய குடும்பம் எங்களுடையது. அப்பா இல்லை. அம்மா, நான், தங்கச்சி சுமதி. சுமதி உடப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ரீச்சர். அவளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கி மூன்று வருடமாகியிருந்தது. இரண்டு சம்பந்தங்கள் கிட்ட வந்து தட்டிப்போயின. இரண்டையும் தட்டியது நான்.

முதலாவதில், மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கள் சாமியறையில் நின்று தேவாரம் பாடினார். ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார். நடுவில் நிறுத்தித் திருத்தினேன். திருத்தியது காணாதென்று முதலிலிருந்து பாடவும் வைத்தேன். இரண்டாவதில், மாப்பிள்ளைக்கு உப்பு எப்படி விளைகிறது என்று விளங்கப்படுத்தினேன். உப்பு விளைய முன்னமே அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நித்திரையாகிவிட்டார். "பிள்ளையில குறை இல்லை. தமையன் இருக்கிற வீட்டுக்குப் போய்வாறதுதான் கஷ்டம்" என்று பிறகு தரகர் வந்து சொன்னார்.

மூன்றாவது சம்பந்தம் வத்தளையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பெயர் ரமணன். கட்டடங்களுக்குப் பிளான் வரைபவர். வழக்கமாகச் சுமதி மாப்பிள்ளைப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடுவாள். இந்தப் படம் திரும்பி வரவில்லை. மூன்று நாள் கழித்து அம்மா கேட்டபோது, "எங்கேயோ வைச்சிட்டன்" என்றாள். எங்கேயோ என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பையின் உள்பொக்கற் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதற்குமேல் கேட்கவில்லை. அதனால் மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவுமில்லை.

பொம்பிளை பார்ப்பது சிலாபத்துக்குப் பக்கத்தில், முன்னேஸ்வரம் சிவன் கோயிலில் என்று முடிவாயிற்று. எங்கள் ஆட்களின் வழக்கம் இதில் மிக நாகரிகமானது. இரு பகுதியும் ஒரு வெள்ளிக்கிழமை 'தற்செயலாக' ஒரே கோயிலுக்குக் கும்பிட வரும். யாரும் யாரையும் தெரிந்தமாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. தூர நின்று பார்க்கலாம். பக்கத்தில் நின்று வெயிலைப் பற்றிக் கதைக்கலாம். பிடித்துக்கொண்டால் மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தாயிடம் வந்து, "உங்களிட்டைக் கொஞ்சம் குங்குமம் இருக்குதோ?" என்று கேட்பார். அதுதான் சம்மதம். பிடிக்காவிட்டால் குங்குமம் கேட்காமல் போய்விடுவார்கள். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் யாரும் யாரையும் பார்க்கவே வரவில்லை.

எங்களுக்குக் கிடைத்த அடையாளங்கள் மூன்று: வெள்ளை வான், தாய் அரக்கு நிறச் சேலை, மாப்பிள்ளை கண்ணாடி.

எனக்கு மட்டும் அம்மா தனியாக ஒரு கட்டளை போட்டார்.

"குகன், நீ அருச்சனைத் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். வாயைத் திறக்கக் கூடாது."

"தேவாரம் பாடலாமோ?"

"மனதுக்குள்ள பாடு."

ஆனால் பாருங்கள், அந்த ஒரு மாதமாக நான் முன்னேஸ்வரத்தைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தலபுராணம், போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்புகள், ஆகமம், சிற்பம் என்று ஒரு சீ.ஆர். கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன். என்றோ ஒருநாள் புத்தகமாகப் போடும் எண்ணம். இவ்வளவையும் தலைக்குள் வைத்துக்கொண்டு முன்னேஸ்வரத்துக்குப் போய் வாயைத் திறக்காதே என்றால்? மாட்டைத் தோட்டத்துக்குள் விட்டுவிட்டு வாயைக் கட்டுவது போன்றது. கொப்பியைச் சுருட்டி வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டேன்.

வான் நிஸாம் நானாவுடையது. கற்பிட்டிக்காரர். புத்தளத்தில் எந்த மதத்துக் கலியாணம் என்றாலும் அவருடைய வான்தான். பட்டுலுஓயா தாண்டும்போது நான் இராமர் கதையைத் தொடங்கிவிட்டேன். இராவணனைக் கொன்ற பாவம், பிரமஹத்தி தோஷம், இராமரைத் துரத்திக்கொண்டே வருகிறது. புஷ்பக விமானம் முன்னேஸ்வரத்துக்கு மேலே வரும்போது தோஷம் விலகி நிற்கிறது. உடனே விமானத்தை இறக்கி…

"தம்பி," என்றார் நிஸாம் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்து. "இந்த வானுக்கு பிரேக் ஈக்கி. ஒங்கட வாய்க்கு ஒண்ணு போட்டுக்கிட்டா நல்லம்."

சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நீலச் சேலை. காலையிலிருந்து நாலுதரம் கைக்கண்ணாடியை எடுத்துவிட்டாள். அவளுடைய பயம் மாப்பிள்ளையைப் பற்றியதல்ல என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "அண்ணா, இண்டைக்கு மட்டும். பிளீஸ்."

"நான் என்ன செய்யப்போறன்?" என்றேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

நாங்கள் வந்தது நேரத்தோடு. பூசைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அம்மாவும் சுமதியும் நிழல் பார்த்து வடக்கு வீதி மதிலடிக்குப் போய்விட்டார்கள். நான் சேட்டைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அருச்சனைத் தட்டோடு கோபுர வாசலில் நின்றேன். (என் வெற்றுடம்பைப் பற்றி இங்கே எழுதுவதற்கு அதிகம் இல்லை. உடம்பே அதிகம் இல்லை.)

அப்போது ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அரக்கு நிறச் சேலையில் ஓர் அம்மா இறங்கினார். பின்னால் மீசை வைத்த தகப்பன். அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர். கடைசியாக மஞ்சள் சேலையில் ஒரு பெண். மாப்பிள்ளையின் சகோதரி என்று கணித்தேன். நான்கு பேரும் வாசலில் நின்று யாரையோ தேடினார்கள். தேடுவது தெரியாமல் தேடினார்கள். அப்படித் தேடுகிறவர்களை வேறு என்னவென்று நினைப்பது?

அம்மாவின் கட்டளை ஞாபகம் இருந்தது. ஆனால் அம்மா சொன்னது 'நாங்கள் யார்' என்று சொல்லக்கூடாது என்ற அர்த்தத்தில்தானே என்று எனக்குள் ஒரு வியாக்கியானம் பிறந்தது. நான் யாரோ ஒரு பக்தன். அவர்கள் யாரோ யாத்திரிகர்கள். கோயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு உண்மை தெரியவரும்போது, 'அடடா, பொம்பிளையின் தமையன் இவ்வளவு படித்தவனா' என்று அவர்களே வியப்பார்கள். முன்பு நான் தட்டிய இரண்டு சம்பந்தங்களுக்கும் பிராயச்சித்தமாகப் போய்விடும்.

கிட்டப் போனேன். "முதல்தரம் வாறியளோ?"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பச்சைக் கரை வேட்டியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்தார். "ஓம் தம்பி, முதல்தரம்தான். நீங்கள் அடிக்கடி வாறனியளோ?"

"எனக்கு இந்தக் கோயிலின் ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்றேன்.

தகப்பன் தொண்டையைச் செருமினார். "ம். பள்ளிக்கூடத்தில பிள்ளையள் சொல்லுக் கேக்கினமோ?"

சுமதியின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்! எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்கிறார்! நானும் அதே சாமர்த்தியத்தோடு, யாரைப் பற்றி என்று காட்டிக்கொள்ளாமல், "நல்லாக் கேக்கினம். ஒருநாளும் பிரம்பு தூக்கினதில்லை" என்றேன்.

அந்த அம்மாவும் தகப்பனும் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தொடங்கினேன்.

முதலில் இராமர். புஷ்பக விமானத்தை இறக்கினேன். தோஷம் நீங்க நான்கு இடத்தில் லிங்கம் வை என்று சிவன் சொன்னதையும், பக்கத்தில் மானாவரியில் இராமர் மணலாலேயே லிங்கம் பிடித்ததையும் சொன்னேன். பிறகு போர்த்துக்கேயரை வரவழைத்துக் கோயிலை இடித்தேன். கண்டியரசனைக் கொண்டு திரும்பக் கட்டினேன். கண்ணாடி போட்டவர் இரண்டுதரம் மணிக்கூட்டைப் பார்த்தார். (ஆர்வத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அந்தக் காலத்தில் கொட்டாவியும் ஆர்வமாகத்தான் தெரியும்.)

கடைசியில் எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வந்தேன். "கோயில் எண்டது கட்டடமில்லை. அது மல்லாந்து படுத்திருக்கிற மனித உடம்பு. கோபுரம் பாதம். மகாமண்டபம் வயிறு. அர்த்தமண்டபம் மார்பு. மூலஸ்தானம் தலை."

அதுவரை வாய் திறக்காத மஞ்சள் சேலைப் பெண் முதல்முறையாகக் கதைத்தாள்.

"கோபுரம்தானே உயரம்? படுத்திருக்கிறவரின்ர கால் ஏன் தலையை விட உயரமா இருக்கு?"

நல்ல கேள்வி. என் கொப்பியில் அதற்குப் பதில் இல்லை. "பாதம் மேல்நோக்கி நிக்கும்" என்றேன். "படுத்தா விரல் வானத்தைப் பாக்கும்தானே?"

"எப்பிடி?" என்றாள் அவள். கண்ணில் ஒரு குறும்பு. "எனக்கு விளங்கேல்லை."

'விளங்கவில்லை' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வலிப்பு வந்ததுபோல் ஆகிவிடும். அருச்சனைத் தட்டை அவளிடமும், கொப்பியைத் தகப்பனிடமும் கொடுத்தேன். கோபுர வாசலின் முன்னால், கிழக்கு வீதி மணலில், மேற்கே தலையும் கிழக்கே காலுமாக, கோயில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மல்லாந்து படுத்தேன்.

"பாருங்கோ. இது கோபுரம்" என்று காலை ஆட்டினேன். "இது மகாமண்டபம்" என்று வயிற்றைத் தட்டினேன். "இது மூலஸ்தானம். அதுக்கு மேல விமானம், கலசம்" என்று சொல்லி, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிக் கூப்பினேன்.

இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை. சிவன் கோயில் வீதி. வெற்றுடம்போடு, இடுப்பில் சால்வை கட்டிய ஓர் ஆண், கையைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு மணலில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறான். பார்க்கிற எவருக்கும் இது ஆகம விளக்கமாகத் தெரியுமா, அங்கப்பிரதட்சணமாகத் தெரியுமா?

"அரோகரா!" என்று ஒரு குரல் கேட்டது.

நான் வாய் திறந்து "இல்லை, இது வந்து…" என்று தொடங்கினேன். திறந்த வாய்க்குள் ஒரு வாளி தண்ணீர் வந்து விழுந்தது. உருளுகிறவருக்குத் தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிறவருக்கும் புண்ணியம். சிலாபப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர் வெள்ளைச் சேலையில் நின்றார். "அனே பவ்!" என்றார், ஐயோ பாவம் என்று. அடுத்த வாளியை எடுக்கப் போனார்.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ, நான் பிடிக்கிறன்!" என்று இன்னொரு குரல். யாரோ ஓர் இளைஞர் ஓடிவந்து முழங்காலில் குந்தி என் இடுப்புச் சால்வையை இரண்டு கையாலும் பிடித்தார். உருளும்போது வேட்டி கழன்றுவிடாமல் இப்படி ஒருவர் பிடிப்பது வழக்கம். நல்ல மனம். நல்ல பிடி. அந்தப் பிடியிலிருந்து எழும்ப முடியவில்லை.

"நான் உருளேல்லை!" என்று கத்தினேன்.

"தொடங்கேக்கை எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அவர். "கண்ணை மூடுங்கோ. ஆண்டவனை நினையுங்கோ." ஒரு தள்ளுத் தள்ளினார்.

உருண்டேன்.

தெற்கு வீதியில் சுமார் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். "வழி விடுங்கோ, வழி விடுங்கோ" என்று இரண்டு பேர் முன்னால் கல் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் தேவாரம் தொடங்கினார். அதிலும் ஒரு சொல் பிழை. (சத்தியமாகத் திருத்த முயன்றேன். மணல் வாய்க்குள் போய்விட்டது.) வானம், மணல், வானம், மணல் என்று உலகம் மாறி மாறி வந்தது. இராமரைப் பற்றி எனக்கொரு பொறாமை ஏற்பட்டது. அவருடைய விமானமாவது இந்த இடத்தில் நின்றது. என்னால் நிற்க முடியவில்லை. அவரை விட்டு விலகி நின்ற தோஷம் இத்தனை யுகமாக இங்கே வேலைவெட்டி இல்லாமல் நின்றிருக்கவேண்டும். என்னைக் கண்டதும் ஏறிக்கொண்டது.

மேற்கு வீதியில் என்னைப் பிடித்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் தன் சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டார். தண்ணீர் பட்டு ஒன்றும் தெரியவில்லையாம்.

"அண்ணை நல்லா உருளுறியள். பழக்கமோ?"

பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. வாழ்க்கையில் முதல்தடவை.

வடக்கு வீதி. இனி அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிறகு சுமதி சொல்லித்தான் அறிந்தேன். மதிலடியில் அம்மாவுக்குப் பக்கத்தில் அரக்குச் சேலையில் வேறோர் அம்மா வந்து நின்றிருக்கிறார். வெயில் கடுமை என்றிருக்கிறார். எங்கள் அம்மா ஓம் என்றிருக்கிறார். வந்த அம்மா சுமதியைத் தலை முதல் கால் வரை அன்பாகப் பார்த்துவிட்டு, "என்ர மகனும் வந்தவன். இருப்புக் கொள்ளாமல் ஒருக்கால் சுத்திக்கொண்டு வாறன் எண்டு போனவன், காணேல்லை" என்றிருக்கிறார். வத்தளைக்காரர். குங்குமம் தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் "அரோகரா" என்ற ஊர்வலம் மூலையில் திரும்பியிருக்கிறது.

"அங்க பாருங்கோ, என்ர மகன்!" என்று அந்த அம்மா பூரித்திருக்கிறார். "ஆரெண்டே தெரியாத ஆளுக்கு எப்பிடி உதவி செய்யிறான் பாத்தியளே!"

அந்த ஆரெண்டே தெரியாத ஆள் உருண்டு வந்து எங்கள் அம்மாவின் காலடியில் மோதி நின்றான். மணல் அப்பிய முகம். வாயில் ஒரு பூவிதழ். அண்ணாந்து பார்த்தேன். தெரிந்த முகம். தெரிந்த சேலை. உலகத்தில் எனக்கிருந்த ஒரே புகலிடம்.

"அம்மா!" என்றேன்.

வத்தளை அம்மா திடுக்கிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையோ?"

அம்மா என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகளின் கையிலிருந்த பையைப் பார்த்தார். அதன் உள்பொக்கற்றில் ஒரு படம் இருந்தது. மூன்று வருடக் காத்திருப்பு ஒரு பக்கம், முப்பது வருடத்துக்கு முந்திப் பெற்ற பிள்ளை மறுபக்கம். தராசு சாய்வதற்கு ஒரு கணம்கூட ஆகவில்லை.

"இல்லை," என்றார் அம்மா. "தெரியாது."

பிறகு, சேர்த்துக் கொஞ்சம் கருணையும் காட்டினார். "பக்தி முத்தினா எல்லாரையும் அம்மா எண்டுதான் கூப்பிடுவினம். பாவம், ஆர் பெத்த பிள்ளையோ."

சுமதி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு மதில் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சொந்தக்காரர் ஆரும் இல்லையெண்டா மறிக்காதேங்கோ, விடுங்கோ!" என்றார் தேவாரக்காரர். என்னைத் திரும்பவும் உருட்டினார்கள்.

சுற்று முடிந்தது கோபுர வாசலில். நான் கோயிலாகப் படுத்த அதே இடம். எழுந்து நின்றால் கோபுரம் சுற்றியது. மஞ்சள் சேலைக் குடும்பம் அருச்சனைத் தட்டோடும் கொப்பியோடும் அதே இடத்தில் நின்றது. தகப்பன், வாளித் தண்ணீர் தெறித்து நனைந்திருந்த கொப்பியை இரண்டு விரலால் என்னிடம் நீட்டினார்.

"தம்பி, சரித்திரம் படிப்பிக்கிற மாஸ்ரர், பச்சைக் கரை வேட்டியோட வருவார் எண்டு சொன்னவை. கொஞ்சம்தான் கதைப்பார் எண்டும் சொன்னவை. நீங்கள் கூடக் கதைச்சது பரவாயில்லை. உருளுவார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை." குரலைத் தாழ்த்தினார். "குறை நினைக்காதேங்கோ. எங்கட மகளுக்கு இது சரிவராது."

எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. மகள். மஞ்சள் சேலை. கண்ணாடி போட்டவர் அவளுடைய தமையன். அவர்களும் 'தற்செயலாகத்தான்' வந்திருக்கிறார்கள், வேறு ஒருவரைப் பார்க்க. நான் விண்ணப்பிக்காத வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய், அதில் தோற்றும் இருந்தேன்.

"ஐயா, நான் மாப்பிள்ளை இல்லை!" என்றேன், ஏதோ கொலைக்குற்றத்தை மறுப்பதுபோல். "நான் வந்தது என்ர தங்கச்சிக்காக!"

"ஓ, தங்கச்சிக்காகவோ நேர்த்திக்கடன்?" என்று பின்னாலிருந்து என் சால்வைக்காரர் உருகினார். சால்வையை அவர் இன்னும் விடவில்லை. "என்ன நேர்த்தி, அண்ணை?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? மானம் நான்கு வீதியிலும் பரவிக் கிடந்தது. "அவளுக்குக் கலியாணம் சரிவரவேணும். நான் வாய் திறந்து ரெண்டு சம்பந்தத்தைக் குழப்பிப்போட்டன். இண்டைக்கு வத்தளையிலயிருந்து ஆக்கள் வருகினம். இதையும்…" எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது. மணலாகவும் இருக்கலாம்.

சால்வையிலிருந்த பிடி தளர்ந்தது.

அவர் கண்ணாடியின் முடிச்சை அவிழ்த்தார். துடைத்தார். போட்டார். என்னை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தார்.

"தங்கச்சியின்ர பேர்?"

"சுமதி. புத்தளம்."

"நீலச் சேலையோ?"

"ஓம்."

"அப்ப… அந்த மதிலடியில, உங்களைத் தெரியாது எண்டு சொன்னா ஒரு அம்மா…"

"அது என்ர அம்மா."

"உங்கட சொந்த அம்மா?"

"ஓம். பெத்தவ."

ரமணன் அப்படியே மணலில் குந்தினார். சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல், உடம்பு முழுவதும் குலுங்க, கையால் நிலத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு எழுந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் வடக்கு வீதிப் பக்கம் நடந்துவிட்டார்.

அந்த ஐந்து நிமிடத்தைப் போல் நீளமான நேரத்தை நான் பிறகு கண்டதில்லை. மூன்றாவது சம்பந்தமும் போயிற்று, சுமதி அந்தப் படத்தைப் பையிலிருந்து எடுக்கவேண்டி வரும், எடுக்கும்போது நான் பார்க்கவேண்டி வரும் என்று நினைத்துக்கொண்டு, கோபுரத்தின் காலடியில் நானும் ஒரு கல்லாக இருந்தேன். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வரலாறும் ஞாபகம் வரவில்லை.

பிறகு தயங்கித் தயங்கி வடக்கு வீதி மூலைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ரமணன் தாயின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தாய் கேட்டார். முகம் மாறவில்லை. சேலையைச் சரிசெய்தார். எங்கள் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களிட்டைக் கொஞ்சம் குங்குமம் இருக்குதோ?"

அம்மா குங்குமச் சரையைத் திறந்து நீட்டினார். வத்தளை அம்மா பொட்டு வைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அந்த உருண்ட பிள்ளைக்கும் கொஞ்சம் வைச்சுவிடுங்கோ."

அம்மா அசையவில்லை. "எந்தப் பிள்ளை?" என்றார்.

பூசை முடிந்து திரும்பப் புறப்பட்டோம். சிலாபச் சந்தியில், மாதம்பைப் பக்கம் திரும்பவேண்டிய அந்த மஞ்சள் சேலைக் குடும்பத்து வான் எங்களைக் கடந்தபோது, நிஸாம் நானா கையசைத்தார்.

"உங்களுக்கு அவையளைத் தெரியுமோ, நானா?" என்று கேட்டேன்.

"அவங்கட றைவர் நம்மட கூட்டாளி. அவங்க பாக்க வந்த மாஸ்ரரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால நின்டவரு. பச்சைக் கரை வேட்டி. உள்ளுக்கு வர வெக்கப்பட்டுட்டு நின்டாரு." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அங்க நின்ட பதினாலு வான்ல ஒம்பது பொண்ணு பாக்க வந்த வான் தம்பி. யாரு யாரைப் பாக்க வந்தண்டு றைவர்மாருக்குத்தான் தெரியும். எங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டீந்தா உருண்டீக்கத் தேவையில்ல."

எல்லோரிடமும் சொல்லத் துடித்த எனக்கு, ஒருவரிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. (அந்த வெட்க மாஸ்ரர்தான் பிறகு மஞ்சள் சேலையைக் கட்டினார். அவர் வகுப்பில்கூட அதிகம் கதைக்கமாட்டாராம். பெண் வீட்டார் வலு சந்தோஷம்.)

கலியாணப் பேச்சு ஒரு வாரத்தில் முடிந்தது. "கண்ணாடி இல்லாமல் ஒண்டும் தெரியாத நேரத்திலயும் என்ர அண்ணாவின்ர வேட்டியை விடாமல் பிடிச்சவர்" என்பது சுமதி சொன்ன காரணம். "பெத்த பிள்ளையையே விட்டுக்குடுத்து மகளைக் காப்பாத்தின சம்பந்தி" என்பது வத்தளையில் சொன்ன காரணம். என்னுடைய ஆகம அறிவை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. பிறகு எனக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்தபோதும், பெண் வீட்டார் என் படிப்பையோ வேலையையோ விசாரிக்கவில்லை. "உருண்டவர்தானே?" என்று மட்டும் கேட்டார்களாம். ஓம் என்று தெரிந்த பிறகும் என்னைக் கட்டிய என் மனைவியின் துணிச்சலைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

புத்தகம் இன்னும் வரவில்லை. கொப்பி இருக்கிறது. தண்ணீர் பட்டு, அர்த்தமண்டபத்திலிருந்து விமானம் வரை மை கரைந்துவிட்டது.

ஆனால் உருளுவது நிற்கவில்லை. "நேர்த்தி வைச்சாய், பலிச்சிட்டுது. பலிச்ச நேர்த்தியை விடக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். நான் நேர்த்தியே வைக்கவில்லை என்று எத்தனையோ வருடமாக வாதாடிப் பார்த்துவிட்டேன். ஆகவே ஒவ்வொரு வருடமும் திருவிழாக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கோபுர வாசலில் கோயிலாகப் படுக்கிறேன். மச்சான் ரமணன் கண்ணாடியைக் கழற்றி முடிந்துகொண்டு சால்வையைப் பிடிக்கிறார். "வயிறு கூடிப்போச்சு அண்ணை, இந்த மகாமண்டபத்தைத் திருத்திக் கட்டவேணும்" என்று பிளான் வரைகிறவர் தன் பங்குக்குச் சொல்கிறார். சுமதி வாளியோடு முன்னால் நடக்கிறாள். என் மனைவி தண்ணீர் ஊற்றுகிறாள், தேவைக்கு அதிகமாகவே.

வடக்கு வீதி மதிலடியில் அம்மா கதிரை போட்டு இருப்பார். இப்போது எழுபத்தெட்டு வயது. கால் ஏலாது, கண் மங்கல். ஆனால் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். உருண்டு போய் அவருடைய காலடியில் மோதி நிற்பேன். பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு புது ஆள், "ஆரம்மா இது, உங்கட மகனோ?" என்று கேட்பார்.

அம்மா குனிந்து, மணல் அப்பிய என் முகத்தை வலு கவனமாகப் பார்ப்பார்.

"தெரியாது, பிள்ளை," என்பார். "ஆனால் வருசா வருசம் வாறான்."